மேளதாளத்தோடு வெளியேற்றம்

மொந்தேவிதேயோ,
13 டிசம்பர் 1987

அன்புள்ள நிபியா அக்காவுக்கு,

இங்கே நான், மிர்த்தா, பிள்ளைகள் எல்லோரும் சுகம். மிர்த்தாவுக்கு முதுகுவலி, அது இல்லாத நாளில்தான் நாங்கள் கவலைப்படுவோம். நீயும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு சேதி, சிரிக்காமல் படி. நம் பேட்டை மேடைக்கு இந்தக் கார்னிவலில் ஒழுங்கு பார்க்கிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன வருஷம் தடியன் நெல்சன் ஒரு குடிகாரரைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளினான், அவர் படியில் உருண்டு விலா எலும்பை முறித்துக்கொண்டார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நகராட்சி இப்போது தீர்த்துச் சொல்லிவிட்டது. இன்னொரு ஆள் அடிபட்டால் மேடைக்கு அனுமதி கிடையாது. கமிட்டித் தலைவர் டோன் எபிஃபானியோ வீடு தேடி வந்தார்.

"ஹெபர், நீதான்யா சரியான ஆளு. உன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சண்டை போடணும்னே தோணாது."

பாராட்டினாரா, கவிழ்த்தாரா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பஸ் கண்டக்டர் வேலையில் நான் எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், ஒருவருக்குச் சட்டைப் பொத்தான்கூட அறுந்ததில்லை. பின்னாலிருந்து போய்த் தோளில் கைவைக்கக் கூடாது, அதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. முன்னால் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். கூட வந்தவர் யார் என்று பார்த்து அவரிடம் முதலில் பேச வேண்டும். "வெளிய போ" என்று சொன்னால் எவனும் போக மாட்டான். "கொஞ்சம் காத்து வாங்கலாம் வா" என்றால் எழுந்துவிடுவான். அவன் தொப்பியையும் பாட்டிலையும் அவன் கையிலேயே விட்டுவிட வேண்டும். மானம் கையோடு இருந்தால் கால் தானாக நடக்கும்.

நாற்காலிகளின் நடுவே இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கும்படி வழி விடச் சொல்லியிருக்கிறேன். டோன் எபிஃபானியோ நாற்காலி குறைகிறதே என்று முனகினார்.

வால்டெமார் அத்தானைச் சந்தையில் பார்க்கிறேன். திடமாக இருக்கிறார்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். எங்கள் எல்லோருடைய முத்தங்கள்.

தம்பி ஹெபர்

மெல்போர்ன்,
8 ஜனவரி 1988

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். பிஸ்கட் ஆலையில் இப்போது என்னைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், அடுப்புச் சூடு இல்லை. பக்கத்தில் நிற்கும் ட்ராகிட்சா யூகோஸ்லாவியாக்காரி. அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது, நாளெல்லாம் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். மிர்த்தாவைக் கனமானது எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்.

உனக்குப் பொறுப்பு கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். சின்ன வயதில் கோழியைக்கூட வீட்டிலிருந்து விரட்டத் தெரியாமல் அதனிடம் கெஞ்சுவாய். அந்தக் குணம் இப்போதாவது பயன்படட்டும்.

ஆனால் ஹெபர், நாற்காலிக்கு ஒரு பக்கம் எழுதுகிறாய், என் புருஷனுக்கு ஒன்றரை வரி. திடமாக இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவரிடமிருந்து செப்டம்பருக்குப் பிறகு எனக்கு ஒரு வரி வரவில்லை. நான் மாதம் தவறாமல் எழுதுகிறேன். தூதரகம் சொன்ன மருத்துவரிடம் அவர் உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. ஏப்ரல் முடிவுக்குள் செய்யாவிட்டால் அவர் இங்கே வந்து சேருவதற்கான மனுவை மூடிவிடுவார்கள், மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு தடவை தொடங்க எனக்குத் தெம்பு இல்லை. உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

மருத்துவரிடம் போனாரா என்று மட்டும் கேட்டு எழுது. பிள்ளைகளுக்கு என் அன்பு.

அக்கா நிபியா

மொந்தேவிதேயோ,
2 பிப்ரவரி 1988

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சூட்டிலிருந்து தப்பியது கேட்டு மிர்த்தா மேரி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நாங்கள் நலம். இங்கேயும் வெயில்தான், மாத்தே குடிக்கக்கூட நிழல் தேட வேண்டியிருக்கிறது.

மேடை தொடங்கிவிட்டது. முதல் நாள் ஒருத்தன் நாற்காலிமேல் ஏறி நின்று கால்பந்துப் பாட்டுப் பாடினான். போய்க் கீழே உட்கார்ந்தேன். "எந்த கிளப்பு?" என்றேன். சொன்னான். "நானும் அதே. வா, வாசல்ல நின்னு திட்டலாம், இங்க எதிராளிங்க அதிகம்" என்றேன். இறங்கி வந்துவிட்டான். வாசலில் கோகா அம்மாவிடம் பொரித்த ரொட்டி வாங்கிக் கொடுத்து அவன் தம்பியோடு அனுப்பினேன். மாதா மன்னிக்கட்டும், நான் எதிர் கிளப்.

இன்னொன்று சுவாரசியம். இந்த வருஷம் 'தூக்கம் கெட்ட துரைமார்' என்று ஒரு முர்காப் பாட்டுக்குழு நன்றாக ஓடுகிறது. ஆஸ்திரேலியா போனவர்களைப் பற்றி அதில் ஒரு பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டில் ஒரு வரி வந்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்று கத்தினார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், பேசினேன், அசையவில்லை. சுற்றி இருந்தவர்கள் சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தார்கள். கையை வைத்திருந்தால் ரகளையாகியிருக்கும்.

அந்த நேரத்தில் முர்கா வழியனுப்புப் பாட்டைத் தொடங்கியது. உனக்குத் தெரியும், பாடிக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, வாசல்வரை நடப்பார்கள். நான் அவர்களுடைய தலைவர் குவால்பெர்த்தோவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் தன் கோமாளித் தொப்பியைக் கழற்றி அந்த ஆள் தலையில் வைத்து, தோளில் கைபோட்டு, பாடகர்களின் நடுவே சேர்த்துக்கொண்டார். பெரிய மேளமும் தாளத்தட்டும் முழங்க அந்த ஆளும் பாடிக்கொண்டே வெளியே போனார். அவரை வெளியேற்றினோம் என்று ஒருவருக்கும் தெரியாது, கைதட்டினார்கள். நல்ல குரல் அவருக்கு.

அத்தான் சுகமாக இருக்கிறார். மருத்துவர் விஷயம் கேட்கிறேன்.

அன்புடன் உன் தம்பி
ஹெபர்

மொந்தேவிதேயோ,
16 பிப்ரவரி 1988

அன்பு அக்காவுக்கு,

உன் பதில் வருமுன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், சின்னவனுக்கு மட்டும் வெயில் கட்டி.

என் கெட்டிக்காரத்தனம் என் தலையிலேயே விடிந்துவிட்டது. அந்த மூன்றாம் வரிசை ஆளைப் பற்றி எழுதினேன் இல்லையா, துரைமார் வருகிற நாளெல்லாம் அவரும் வருகிறார். அதே நாற்காலி, அதே வரி, அதே கத்தல். பிறகு அதே தொப்பி. இப்போது ஜனங்களே அவர் எப்போது எழுந்திருப்பார் என்று காத்திருக்கிறார்கள். வேறு பேட்டையிலிருந்தும் அவரைப் பார்க்க வருகிறார்கள். உலகத்தில் எங்காவது கலாட்டா செய்தவனை மேளம் கொட்டிப் பாட்டுப் பாடி அனுப்புவார்களா? போவதை இவ்வளவு இனிப்பாக்கி வைத்தால் யார்தான் திரும்பி வர மாட்டார்கள்?

கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோகா அம்மாவுக்கு ரொட்டி நன்றாகப் போகிறது. "இருந்துட்டுப் போகட்டும் பாவம், யாரைக் கடிச்சாரு" என்கிறாள். டோன் எபிஃபானியோ கொதிக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. போன வாரம் நாலு வாலிபர்கள் அந்த ஆளைச் சீண்டவென்றே பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். "கங்காரு, கங்காரு" என்று கூப்பிட்டுக் கடலையை எறிந்தார்கள். அவர் திரும்பி ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் நடுவில் புகுந்ததில் என் கண்ணாடிதான் உடைந்தது, ஆள் யாருக்கும் சேதமில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

போன கடிதத்தில் ஒன்று எழுதவில்லை. அவர் குடிப்பதில்லை. முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு சொட்டு வாசனை இல்லை. குடிகாரரைச் சமாளித்துவிடுவேன் அக்கா. இவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெபர்

மெல்போர்ன்,
20 பிப்ரவரி 1988

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே.

உன் இரண்டாம் தேதிக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்ன பாட்டு என்று எழுதவில்லை. அந்த ஆள் என்ன கத்தினார் என்றும் எழுதவில்லை. தொப்பியைக்கூட விடாமல் எழுதுகிறவன் நீ.

நல்ல குரல் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலா? இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டா கத்துகிறார்?

மறைக்காமல் எழுது. தூரத்தில் இருக்கிறவளுக்கு நல்ல சேதி மட்டும் அனுப்பினால் அவள் கெட்டதை எல்லாம் தானே உண்டாக்கிக்கொள்வாள். நான் இங்கே ராத்திரி முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறேன்.

நிபியா

மொந்தேவிதேயோ,
5 மார்ச் 1988

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆமாம். அது வால்டெமார் அத்தான்தான். கை இடுப்பில்தான்.

பாட்டு இது:

கடல் தாண்டிப் போன பெண்டாட்டி
கடுதாசி போடவே இல்லே,
கங்காருப் பைக்குள்ளே குடியேறி
இறங்க மனசே இல்லே.

இதைக் கேட்டதும் எழுந்து, "பொய்! அவ எழுதுறா! மாசா மாசம் எழுதுறா!" என்று கத்துகிறார். அவ்வளவுதான். உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு தப்பான வார்த்தை வந்ததில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு உன்னைக் குறித்து எழுதினதும் இல்லை. எழுதினவனுக்கு உங்களைத் தெரியாது, பொதுவாக எழுதியிருக்கிறான்.

போன ஞாயிறு சந்தையில் அவர் கடை ஓரம் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டேன்.

"அத்தான், டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போறேன், போறேன்."

"அக்காவுக்கு ஏன் எழுத மாட்டேங்குறீங்க?"

தக்காளியை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். பிறகு சொன்னார்: "டேய், நான் கத்திப் பொழைக்கிறவன். இங்க 'தக்காளி'ன்னு ஒரு குரல் கொடுத்தா மாடியிலேர்ந்து கூடை இறங்குது. அங்க போயி கத்தினா என்னன்னு நெனப்பாங்க? பைத்தியம்னு போலீஸக் கூப்பிடுவாங்க. அவ எனக்காக அங்க எல்லாம் தயார் பண்றா. வரலன்னு எழுத எனக்குத் தெம்பு இல்ல. வரேன்னு எழுதினா பொய்."

குவால்பெர்த்தோவிடம் போய் அந்த வரியை எடுத்துவிடும்படி கெஞ்சினேன். "ராணுவ ஆட்சியில சென்சார்காரன் பென்சிலோட உக்காந்திருப்பான், அவனுக்கே நாங்க வளைஞ்சு குடுத்ததில்ல. உனக்கு வெட்டணுமாக்கும்" என்றார். அத்தானை யாரோ நாங்கள் ஏற்பாடு செய்த ஆள் என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். குடிப்பதில்லை, சொந்தப் பெண்டாட்டி மெல்போர்னில் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் முகச்சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

வருகிற சனிக்கிழமை கடைசி நாள். அந்த வாலிபர்கள் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வரப்போவதாகப் பேச்சு. அத்தானை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது கமிட்டி தீர்மானம். நிறுத்த வேண்டியவன் நான்.

மன்னித்துக்கொள்.

ஹெபர்

மொந்தேவிதேயோ,
14 மார்ச் 1988

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மேடை முடிந்தது, யாருக்கும் காயமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானை நான் நிறுத்தவில்லை. சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "உனக்கு ஏதாவது தொந்தரவா?" என்று கேட்டார். "இல்ல அத்தான், போய் உக்காருங்க" என்றேன். டோன் எபிஃபானியோ என்னைப் பார்த்த பார்வையில் நான் எரியாமல் இருந்ததே அதிசயம். வாலிபர்களைத் தனித்தனியாகப் பிரித்து, அவரவர் அத்தை, சித்தி பக்கத்தில் உட்காரவைத்தேன். நம் பேட்டையில் எவனுக்குத்தான் அத்தை இல்லை? சித்தி பக்கத்தில் இருந்துகொண்டு கடலை எறிய ஒருத்தனுக்கும் துணிவு வரவில்லை.

துரைமார் வந்தார்கள். பாட்டு தொடங்கியது. கூட்டம் முழுக்க மேடையை விட்டுவிட்டு மூன்றாம் வரிசையைப் பார்க்கிறது. நான் நடைவழியில் குந்தியிருக்கிறேன். அந்த வரி வருகிற இடம் வந்தது, குவால்பெர்த்தோ கையைக் கீழே இறக்கினார். பாடகர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த நான்கு அடிக்கும் வெறும் மேளம் மட்டும் அடித்தது.

அத்தான் பழக்கத்தில் எழுந்துவிட்டார். கை இடுப்பில், வாய் திறந்திருக்கிறது. மறுக்க ஒன்றும் இல்லை. மேளமும் நின்றது. பின்னாலிருந்து ஒருவன், "கத்துங்க பெரியவரே" என்றான், அவன் சித்தி அவன் தொடையில் ஒன்று வைத்தாள். அத்தான் கையை இடுப்பிலிருந்து எடுத்தார். பிறகு பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவ எழுதுறா. நாந்தான் எழுதல."

யாரும் சிரிக்கவில்லை. நடைவழியில் இறங்கி நடந்தார். நான் கூடவே எழுந்து போனேன். "நீ இரு, உனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தனியாக வெளியே போனார்.

மறுநாள் சந்தையில் அவர் கடை இல்லை. வேறொன்றும் எனக்குத் தெரியாது. தெரியாததை உண்டாக்கி எழுத மாட்டேன்.

உன் தம்பி
ஹெபர்

மெல்போர்ன்,
22 மார்ச் 1988

அன்பு ஹெபருக்கு,

நான் நலமாக இல்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. கடைசி நாள் முடிந்தே பத்து நாள் ஆகியிருக்கும். நான் சொல்வது பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். அவரை வாசலில் நிறுத்தாதே.

அவர்மேல் எனக்குக் கோபம். இங்கே இரண்டு பேருக்கு என்று வீடு பார்த்து, இரண்டு பேருக்கு என்று கட்டில் போட்டு, பாதியில் படுத்துத் தூங்குகிறேன். ஒரு வரி எழுத என்ன கேடு? ஊரே கேட்கும்படி எனக்காகச் சண்டை போடுகிற மனுஷன் என்னிடம் பேச மாட்டாராம். படித்துவிட்டு ட்ராகிட்சாவின் தோளில் அழுதேன். என்ன என்று அவள் கேட்கவும் இல்லை, பொட்டலங்களை எனக்கும் சேர்த்து அவளே கட்டினாள்.

பிறகு யோசித்தேன். மாதாமாதம் நான் என்ன எழுதினேன்? மருத்துவரிடம் போனீர்களா, படிவம் அனுப்பினீர்களா, எப்போது வருகிறீர்கள். நானும் காலரைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறேன். கடல் தாண்டி இழுத்ததால் கை தெரியவில்லை.

அவரைப் பார்த்தால் இதைச் சொல். வரவேண்டும் என்று இல்லை. எழுத வேண்டும். எதுவானாலும் சரி, அவர் கையால் எழுத வேண்டும்.

நிபியா

மொந்தேவிதேயோ,
6 ஏப்ரல் 1988

அக்காவுக்கு,

சுகம். சுருக்கமாக எழுதுகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அத்தான் வீட்டுக்கே போய், நீ எழுதினதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். மருத்துவர் வாசல்வரை ஒருநாள் போய்விட்டுத் திரும்பி வந்ததாக அவரே சொன்னார். நேற்று மிர்த்தாவிடம் வந்து கோடு போட்ட தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனார்.

ஹெபர்

மெல்போர்ன்,
3 மே 1988

அன்புத் தம்பிக்கு,

நீயும் மிர்த்தாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

அவர் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், இரண்டு பக்கத்திலும் கோட்டை விட்டு எழுத்து மேலே ஏறுகிறது. வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். பயமாக இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது, நீ திரும்பி வா என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை என்று எழுதியிருக்கிறார். மனுவை முந்தாநாள் மூடிவிட்டார்கள்.

ஆலைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன், அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். அன்று ராத்திரி கட்டிலின் நடுவில் படுத்தேன். விடியும்வரை தூங்கினேன் ஹெபர், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

அவருக்குப் பதில் எழுத இன்று காலை உட்கார்ந்தேன். கோபத்தை எழுதினேன், அது சுலபமாக வந்தது. மன்னித்துவிட்டதாகவும் எழுதினேன், அதில் பாதி உண்மை. ஆனால் அவர் கடிதத்தின் முடிவில், எல்லோரும் எழுதுகிற மாதிரி, "நீ சுகம்தானே?" என்று ஒரு வரி இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்தபிறகு அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. நானும் அவரை ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைகளை அணைத்துக்கொள்.

உன் அக்கா
நிபியா